ருக்குமணி அக்காவிடம் சொல்லாதது

வலது கால் செருப்பு கழன்று விழுந்தது எனக்குத் தெரியவில்லை. பனியன் கம்பெனி விட்டு வீட்டு வாசலுக்கு வந்த பிறகு நங்கையாதான் பார்த்தார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம்.

"ஏன் மரகதம், ஒத்தச் செருப்போட வந்திருக்கற?"

வந்த வழியே தேடிப் போனேன். மளிகைக் கடைக்கு முன்னால் சாக்கடை ஓரம் கிடந்தது. அங்கிருந்து எங்கள் லைன் வீடு வரைக்கும் ஜல்லியும் மண்ணுமான பாதை. அவ்வளவு தூரத்தையும் வெறுங்காலில் நடந்து வந்திருக்கிறேன். உள்ளங்காலில் கண்ணாடிச் சில் ஒன்று ஏறியிருந்தது. அதைப் பிடுங்கியபோதும் வலி இல்லை. நான் பயந்திருக்க வேண்டியது அப்போதுதான். நாளைக்கு ஷிப்மென்ட் என்பதால் மஞ்சளை அப்பிக்கொண்டு படுத்துவிட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. சொந்த ஊர் குண்டடம் பக்கம். அப்பா, அம்மா போன பிறகு அண்ணன் குடும்பத்தோடு திருப்பூர் வந்து, செக்கிங்கில் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. டியூப் லைட்டுக்குக் கீழே மேஜை போட்டு, தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எதுவானாலும் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ள வேண்டும். நாள் முழுக்க நின்றே செய்கிற வேலை. ஆறு மாதமாக முதுகு வலித்தது. எங்கள் மேஜையில் முதுகு வலிக்காதவர்கள் யார் இருந்தார்கள்? சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் வரும். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வேன். சுடிதார் தொளதொளவென்று ஆனது. கல்யாணம் ஆகாத கவலை என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

செருப்பு விழுந்து பத்து நாள் இருக்கும். குளியலறையில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு கால்களும் யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன மாதிரி கிடந்தன. அண்ணன் கதவை உடைத்து உள்ளே வந்து என்னைத் தூக்கினான். ஆறு வீட்டுக்குப் பொதுவான குளியலறை. ஆறு வீடும் பார்த்தது.

கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். குழாய் மாதிரி ஒரு இயந்திரத்துக்குள் நம்மைத் தள்ளிவிடுவார்கள். உள்ளே நூறு மிஷின் சேர்ந்து ஓடுகிற சத்தம். கம்பெனிச் சத்தத்தில் பழகிய எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. வெளியே எடுத்த பிறகு இருந்த அமைதிதான் பயமாக இருந்தது. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், அண்ணனைத் தனியாகக் கூப்பிடாமல் என்னிடமே சொன்னார்.

"டி.பி. நெஞ்சுல மட்டும்தான் வரும்னு நினைச்சிருப்பீங்க. எலும்புலயும் வரும். உங்களுக்கு முதுகெலும்புல ரெண்டு எலும்பை அரிச்சிருக்கு. அங்க சீழ் கட்டி, நடுவுல போற நரம்புத் தண்டை அழுத்துது. அதனாலதான் கால் வேலை செய்யல. ஆபரேஷன் பண்ணிச் சீழை எடுத்துடலாம். மாத்திரை ஒரு வருஷத்துக்கு மேல சாப்பிடணும். நோய் போயிடும்."

"காலுங்க?" என்றேன்.

"பார்க்கலாம்மா" என்றார்.

அந்த 'பார்க்கலாம்' என்ற சொல்லோடு எட்டு மாதம் படுத்திருந்தேன். ஆபரேஷன் ஆனது. முதுகில் கம்பியும் திருகும் வைத்தார்கள். மாத்திரையால் சிறுநீர் செம்பருத்திச் சாறு போல வந்தது. ரத்தம்தான் என்று நினைத்து நங்கையா நர்ஸைக் கூப்பிட ஓடினார். அந்த மாத்திரைக்கு அப்படித்தான் வரும் என்று நர்ஸ் சிரித்தார். காய்ச்சல் நின்றது, எடை கூடியது. தொப்புளுக்குக் கீழே எனக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை.

வராமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வேறு ஒன்று வந்தது. கால்கள் கட்டிலில் நேராகக் கிடக்கும். எனக்கோ இரண்டு முழங்காலும் மடங்கி மேலே நிற்கிற மாதிரி இருக்கும். "நங்கையா, காலை நீட்டி உடுங்க" என்பேன். அவர் போர்வையை விலக்கிக் காட்டுவார். நேராகத்தான் இருக்கும். மூளைக்குப் பழைய ஞாபகம் போகாததால் அப்படித் தோன்றும் என்றார் டாக்டர். பொய்க்கால் இரண்டும் போர்வைக்கு மேலே, என் கண்ணுக்குத் தெரியாமல் நின்றுகொண்டே இருந்தன.

பக்கத்துக் கட்டில்தான் ருக்குமணி அக்கா. சாமளாபுரத்துக்காரர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். மொட்டை மாடியில் மிளகாய் காயப்போடப் போய்ப் பின்பக்கமாக விழுந்து இடுப்புக்கு மேலே எலும்பு நொறுங்கியிருந்தது. குழந்தை இல்லை. கணவர் விசைத்தறியில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். பஸ்ஸில் நசுங்கிய பன் பாக்கெட்டை அக்கா கையில் கொடுத்துவிட்டு, அக்காவின் கால்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மா கொமரலிங்கத்தில். அங்கே அக்காவின் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்ததால் அந்த அம்மாவால் வர முடியவில்லை. ஆக, அக்காவுக்குத் துணைக்கு ஆள் இல்லை.

எங்கள் வார்டில் துணைக்கு ஆள் இருப்பது என்றால் உயிர் இருப்பது. நல்ல உடம்புக்காரர்கள் தூக்கத்தில் தம்மையறியாமல் புரண்டு படுப்பார்கள். உணர்ச்சி போனவர்களுக்கு அந்தப் புரளல் கிடையாது. ஒரே இடம் அழுந்தி அழுந்தி ரத்த ஓட்டம் நின்று, சதை உள்ளிருந்தே அழுக ஆரம்பிக்கும். வலிக்காது என்பதால் நமக்கும் தெரியாது. அதுதான் படுக்கைப் புண். அது வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆளைப் புரட்டிப் போட வேண்டும். நங்கையா கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து என்னைப் புரட்டினார். புரட்டிவிட்டு அப்படியே திரும்பி அக்காவையும் புரட்டுவார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"மறுக்கா உன்னைத் தொந்தரவு பண்றனே கோமதி" என்று நங்கையாவைப் பெயர் சொல்லியே கூப்பிடுவார் அக்கா.

"இதுல என்னங்க இருக்குது. தோசைக்கல்லுல ரெண்டு கெடந்தா ரெண்டையுந்தானே திருப்பிப் போடறோம்" என்பார் நங்கையா. வார்டே சிரிக்கும்.

அக்காவும் நானும் சேர்ந்துதான் எல்லாம் கற்றுக்கொண்டோம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நாமே சின்னக் குழாய் போட்டுச் சிறுநீரை எடுப்பது, கட்டிலிலிருந்து பலகை வைத்துச் சக்கர நாற்காலிக்கு நகர்வது, கண்ணாடி பிடித்து முதுகுத் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது, எல்லாம். அக்கா கெட்டிக்காரர். பலகையில் என்னைவிட முதலில் நகர்ந்தது அவர்தான். "அம்மிணி, நாம எப்புடியும் பொளைச்சுக்குவோம் போ" என்று என் தோளில் அடித்தார்.

வீட்டுக்கு அனுப்பும் நாள் நெருங்கியபோதுதான் எனக்குக் கிலி பிடித்தது. எங்கே போவேன்? அண்ணனுடையது ஒரே அறை, இரண்டு குழந்தைகள். கழிவறைக்கு ஏழு படி இறங்க வேண்டும். சக்கர நாற்காலி வாசலிலேயே சிக்கிக்கொள்ளும். நங்கையா வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். போனால் என்னை யார் புரட்டுவது?

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் ஸ்டெல்லா அக்கா வந்தார். ஆஸ்பத்திரியின் சோஷியல் ஒர்க்கர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ருக்குமணி அக்காவை எக்ஸ்ரேக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நங்கையா சாப்பாடு வாங்கப் போயிருந்தார்.

"ஒரு விஷயம் சொல்லுதேன், கேளுங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பல்லடம் போகிற வழியில் ஒரு டிரஸ்ட் வீடு எடுத்திருக்கிறது. தரைத்தளம், படியே இல்லை, அகலக் கதவு. மூன்று பெண்கள் இருக்கலாம், இரண்டு பேர் வந்துவிட்டார்கள். காலையிலும் சாயங்காலமும் உதவிக்கு ஒரு பெண் வருவார். மற்ற நேரம் அவரவர் வாழ்க்கை.

"ஹோமுங்களா?" என்று கேட்டேன்.

"ஹோம் இல்லம்மா. ஹோம்ல மணி அடிச்சா எந்திக்கணும், மணி அடிச்சா திங்கணும். இது உங்க வீடு. என்ன சமைக்கணும், யாரு வரணும், எப்பம் லைட்டை அணைக்கணும், எல்லாம் நீங்கதான் முடிவு பண்ணணும். கை எட்டாததுக்கு மட்டும் ஆள் உதவி." கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்தார். "ஒரே ஒரு இடம்தான் இருக்கு. ருக்குமணி வந்ததும் அவங்ககிட்டயும் சொல்லிருங்க. ரெண்டு பேருக்குமே விருப்பம்னா, டிரஸ்ட்ல இருந்து வந்து பேசிப் பார்த்து, யாருக்கு அவசரம்னு முடிவு பண்ணுவாங்க. வியாழக்கிழமை வாரேன்."

யாருக்கு அவசரம் என்று எனக்கு அப்போதே தெரியும். எனக்கு அண்ணன் இருக்கிறான், நங்கையா இருக்கிறார். அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை பன் பாக்கெட் மட்டும்தான்.

ஸ்ட்ரெச்சரில் திரும்பி வந்த அக்கா, "ஆரு அம்மிணி வந்துட்டுப் போறது?" என்று கேட்டார்.

"ஸ்டெல்லா அக்காங்க. சும்மா பார்த்துட்டுப் போனாங்க."

அவ்வளவுதான் சொன்னேன். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்ததாக ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அந்த வாக்கியத்தைச் சொன்ன நொடியிலேயே நான் முடிவு செய்துவிட்டேன்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அக்கா முகத்தைப் பார்க்காமல் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கிடந்தேன். வியாழக்கிழமை ஸ்டெல்லா அக்கா வந்த நேரத்தில் ருக்குமணி அக்கா பிசியோதெரபிக்குப் போயிருந்தார்.

"அவங்களுக்கு விருப்பமில்லையா?"

"அவிய ஊட்டுக்காரர் வந்து கூட்டிட்டுப் போறாராமுங்க."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சனிக்கிழமை அவர் வந்து கூட்டிக்கொண்டுதான் போனார். ஆஸ்பத்திரியில் கொடுத்த சக்கர நாற்காலியை வேனுக்கு மேலே கட்டினார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "போன் பண்ணு அம்மிணி, மறந்தராத" என்றார்.

அண்ணனுக்கு அந்த வீட்டுக்கு என்னை அனுப்புவதில் இஷ்டமே இல்லை. "தங்கச்சியக் கொண்டுபோய்த் தள்ளி உட்டுட்டான்னு ஊர்ல பேசுவாங்க" என்று தலையைக் குனிந்துகொண்டான். நங்கையாதான் அவனிடம் சொன்னார்: "ஊர்ல பேசறவீக வந்து ரெண்டு மணிக்கொருக்கா புரட்டிப் போடுவாங்களா? அவ போகட்டும். நாம ஞாயித்துக்கெளம ஞாயித்துக்கெளம போயி விருந்து சாப்புட்டு வரலாம்."

புது வீட்டில் முதல் நாள் காலை, உதவிக்கு வரும் பார்வதி வாளியோடு வந்து நின்று, "எத்தன மணிக்குக் குளிக்கறீங்க?" என்று கேட்டார். எட்டு மாதத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. குளிக்க வைப்பார்கள், ஊட்டுவார்கள், புரட்டுவார்கள். "ஒம்பது மணிக்குங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். பார்வதி தண்ணீர் சூடு போதவில்லையோ என்று நினைத்து வாளிக்குள் கை விட்டுப் பார்த்தார்.

மெல்ல மெல்ல வாழத் தொடங்கினேன். படுத்தபடி கட்டில் கம்பியைப் பிடித்து நானே புரளக் கற்றேன். கம்பெனிகளிலிருந்து பீஸ் வரவழைத்து, தையலில் நீண்டு நிற்கும் நூல் பிசிர் வெட்டினேன். உயரம் குறைத்துக் கட்டிய அடுப்பில் எனக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு வைத்தேன். ருக்குமணி அக்காவின் கணவர் எண்ணுக்கு வாரம் ஒருமுறை போன் செய்தேன்.

"அவ தூங்கறாளுங்க" என்பார் அவர். பின்னால் தறி ஓடுகிற சத்தம் கேட்கும். காலை பத்து மணிக்குச் செய்தாலும் தூக்கம், மத்தியானம் செய்தாலும் தூக்கம். அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் மாதம் ஷிப்ட் நடுவிலெல்லாம் ஓடி ஓடி வந்து புரட்டியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. தறியை நிறுத்தினால் முதலாளி திட்டுவார். அப்புறம் ஓடி வருவது குறைந்துபோயிருக்கிறது.

மூன்றாவது மாதம் ஒரு நாள் அக்காவே பேசினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"அம்மிணி, எங்க இருக்கற? அண்ணன் ஊட்லயா?"

"ஆமாங்க" என்றேன்.

"எப்புடிச் சமாளிக்கற? இங்க நாற்காலியே உள்ள வரலை. பின்னாடி ரூம்புல படுத்தே கெடக்கறேன். நம்ம மாதிரி ஆளுகளுக்குன்னு ஊடு எங்காச்சும் இருக்குதான்னு ஸ்டெல்லாகிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாரு கண்ணு."

போனை வைத்தவுடன் ஸ்டெல்லா அக்காவைக் கூப்பிட்டேன். வீடு கேட்டேனே தவிர, நான் செய்ததைச் சொல்லவில்லை. அவர் இரண்டாம் நாளே சாமளாபுரம் போனார். அங்கிருந்து பேசியபோது அவருக்கு மூச்சு வாங்கியது. "இடுப்புக்குக் கீழ கை நுழையுத அளவு குழி மரகதம். எலும்பு தெரியுது. ஆம்புலன்ஸ் சொல்லியிருக்கேன்." விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டதாம். பதினோராம் நாள் அக்கா இறந்துபோனார்.

அதன் பிறகுதான் அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர் என்பது நான்கு பேரானது.

மத்தியானம் கரண்ட் போகும். மின்விசிறி சுற்றி நிற்கும். அந்த அமைதி விழுந்ததும் என் இடப்பக்கம், வார்டில் அக்காவின் கட்டில் இருந்த பக்கம், "கோமதி இல்லீங்களா?" என்று கேட்கும். தெளிவாக, சங்கடப்பட்டுக்கொண்டு கேட்கும் குரல். இடப்பக்கம் வெறும் சுவர்தான். இன்னொரு நாள் மத்தியானம் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தபோது யாரோ என் வலது பாதத்தைப் பிடித்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு ஊசி குத்தினாலும் தெரியாத பாதம் அது. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன, குளிர்ச்சியாக. குனிந்து பார்த்தேன். யாரும் இல்லை. டாக்டரிடம் கேட்டால் நரம்பு என்பார். நரம்பாகவே இருக்கட்டும். அது ஏன் மத்தியான நேரம் பார்த்து வருகிறது, ஏன் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறது?

அறையில் இருந்த மற்ற இருவரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரும் நங்கையாவிடமும் சொல்லவில்லை. அவர் அக்காவை அவ்வளவு நாள் புரட்டிப் போட்டவர்.

மழைக்காலம் முடிந்து ஒரு காலையில் வாசலில் ஆட்டோ நின்றது. மெலிந்த ஒரு அம்மா இறங்கினார். ஆட்டோக்காரர் பின்னாலிருந்து மடக்கிய சக்கர நாற்காலி ஒன்றை இறக்கினார்.

"மரகதங்கறது ஆருங்க? நான் ருக்குமணியோட அம்மாளுங்க. கொமரலிங்கத்துல இருந்து வர்றேன்."

ஸ்டெல்லா அக்காவிடம் விலாசம் வாங்கியிருக்கிறார். நாற்காலியை விரித்து என் முன்னால் நிறுத்தினார். இருக்கை மேலே ஒட்டியிருந்த பாலித்தீன் தாள்கூட இன்னும் பிரிக்கப்படவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்தபடியே இருந்தது.

"ஒரு நாளும் இதுல உக்காரலீங்க அவ. உங்களயத்தான் சொல்லிட்டே இருப்பா, ஒரு அம்மிணி எங்கூடப் பொறந்தவளாட்டம்னு. அதான், உங்களுக்காச்சும் ஆகட்டும்னு கொண்டாந்தனுங்க."

பார்வதி டீ கொண்டுவந்து வைத்தார். அந்த அம்மா டம்ளரை எடுப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. என் கையால் ஒன்றைக் குடித்துவிட்டால் அப்புறம் என்னால் முடியாது.

"அம்மா, இந்த ஊட்ல ஒரு இடம்தான் இருந்துச்சுங்க. அக்காகிட்டச் சொல்லச் சொன்னாங்க. நான் சொல்லலீங்க."

புரியாமல் பார்த்தார். திங்கட்கிழமை, எக்ஸ்ரே, வியாழக்கிழமை என்று ஒன்று விடாமல் சொன்னேன். போனில் அண்ணன் வீட்டில் இருப்பதாகச் சொன்னதையும் சொன்னேன். பார்வதி அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டார். டீயில் ஆடை படிந்தது.

அந்த அம்மா கேட்டார்: "சொல்லியிருந்தா வந்திருப்பாளா?"

தெரியலீங்க என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

"வந்திருப்பாங்க" என்றேன்.

"அவ கட்டில எங்க போட்டிருப்பாங்க?"

என் கட்டிலைக் காட்டினேன். எழுந்து போய் அதில் உட்கார்ந்தார். கம்பியைத் தொட்டுப் பார்த்தார். ஜன்னல் வழியாக முருங்கை மரத்தைப் பார்த்தார். சுவிட்ச் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருப்பதைக் கவனித்து, மின்விசிறியைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். பிறகு மெத்தை மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, அழாமல், அப்படியே இருந்தார். ஆட்டோக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றபோது நான் அடிக்குக்கூடத் தயாராக இருந்தேன்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க" என்றார். "நாளைக்கு வருமான்னும் தெரியல. ஆனா நீ இந்த எடத்த உட்டுட்டு எங்கயும் போயராத கண்ணு. நீயும் போயிட்டீன்னா, எம்புள்ள செத்ததுக்கு ஒரு அர்த்தமே இல்லாமப் போயிரும்."

நாற்காலியை விட்டுவிட்டு டீயைக் குடிக்காமல் போனார்.

பார்வதி டம்ளரை எடுத்துக் கழுவி வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் துவைத்து மடித்த விரிப்போடு கட்டிலருகே வந்து நின்றார். பழைய விரிப்பில், ஓரத்தில், அந்த அம்மா உட்கார்ந்த இடம் குழிந்து, கை வைத்த இடம் சுருங்கி அப்படியே இருந்தது.

"மாத்திரட்டுங்களா?" என்று கேட்டார். அந்த வீட்டில் என்னைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டார்கள்.

"இன்னைக்கு வேண்டாங்க" என்றேன். அன்று இரவு அந்தச் சுருக்கத்தைக் கலைக்காமல், கம்பியைப் பிடித்து, சுவர்ப் பக்கமாகவே ஒதுங்கிப் படுத்துக்கொண்டேன்.